முழுக் கோப்பு

தங்கையின் கல்யாணம் நின்ற நாளிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், அது வெறி. நிறுத்தியது யாரென்று அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அத்தை, ஆஸ்பத்திரியில் லேப் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். மூன்று வருடத்துக்கு முன்பு தங்கை அங்கே எதற்குச் சிகிச்சை எடுத்தாள் என்பதை, தனக்குச் சம்பந்தமே இல்லாமல் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் போய் ஓதிவிட்டாள். எதற்கு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த மகராசி சொன்னதே போதும்.

அக்காவுக்கும் அங்கேதான் வேலை, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில். யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானாகவே குறித்து வைக்கும். ஆனால் அவளே அதைத் தோண்டினால் அவள் வேலைதான் போகும். நோயாளி புகார் கொடுத்தால் மட்டுமே விசாரிப்பார்கள். அதனால் புகார்ப் படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

"விட்டுடேன்க்கா" என்றாள் தங்கை.

"எப்படிடி விடுவேன்? ஒண்ணுமே நடக்காத மாதிரி என் எதிர்லயே உக்காந்து டீ குடிக்கிறா. அவ சீட்டைக் கிழிக்காம எனக்குத் தூக்கம் வராது."

"இனிமே யாரும் அதைப் படிக்கக் கூடாது. அது ஒண்ணை மட்டும் பாத்துக்க."

"யாரு படிக்கப்போறா? போடு கையெழுத்தை."

படிவத்தில் இரண்டு கட்டங்கள். விசாரணைக்குப் 'பார்த்தவர் பட்டியல் மட்டும்' தரலாம், இல்லையென்றால் 'முழுக் கோப்பு' தரலாம். பட்டியல் மட்டும் போனால், தெரியாமல் திறந்துவிட்டேன் என்று மூக்கைச் சிந்தி, ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு அத்தை தப்பித்துவிடுவாள். கோப்பில் இருப்பதும் அவள் வாயிலிருந்து வந்ததும் ஒன்றேதான் என்று காட்டினால் தப்ப முடியாது. தங்கை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, பஸ்ஸில் உட்கார்ந்து, முழுக் கோப்பில் டிக் அடித்தாள் அக்கா.

விசாரணை ஐந்து வாரம் இழுத்தது. தினமும் வேண்டுமென்றே லேப் பக்கமாகச் சுற்றிப் போய், "நல்லாத் தூங்குனீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டு வருவாள். அத்தையின் முகம் வெளுப்பதைப் பார்த்தால்தான் அன்றைய வேலையே ஓடும்.

"நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணாச்சேன்னு ஒரு அக்கறையில பாத்தேன்" என்று அத்தை அழுதாளாம். எடுபடவில்லை. டிபன் டப்பாவையும் குடையையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அவள் வெளியேறியதை, வாசலில் நின்று, கண் இமைக்காமல் பார்த்தாள் அக்கா. வயிறு குளிர்ந்தது. அன்றைக்கு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கைக்கு ஒரு கவர் வந்தது. விசாரணை முடிந்ததும் கோப்பைப் பார்த்தவர்கள் பட்டியலை நோயாளிக்கு அனுப்ப வேண்டும். அக்கா வேலை முடிந்து வந்தபோது தங்கை அதை மேசையில் விரித்து வைத்திருந்தாள். முதல் வரியில் லேப் அத்தை. அதற்குக் கீழே விசாரணைக் குழுவில் ஐந்து பேர், வக்கீல், வக்கீலின் உதவியாளர், பணியாளர் அதிகாரி, தலைமை மருத்துவர், டைப்பிஸ்ட், நகல் எடுத்தவர்.

"ஒருத்தி திருட்டுத்தனமாப் பாத்தா. நீ பதினோரு பேருக்குக் காட்டியிருக்க."

"அவங்க யாரும் வெளிய சொல்ல மாட்டாங்கடி. சொல்லக் கூடாதுன்னு விதியே இருக்கு."

"அத்தைக்கும் அதே விதிதானே இருந்துச்சு?"

அக்கா பட்டியலை மடித்துக் கவருக்குள் திணித்தாள். நோயாளி கையெழுத்துப் போட்ட படிவத்தில் அதற்குப் பிறகு ஒரு புள்ளி வைத்தாலும் வேலை போகும். அது அவளுக்குத் தெரியாததல்ல.

"நான் போட்டப்ப அந்தக் கட்டம் காலியா இருந்துச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள் தங்கை. "இன்னைக்குக் காலையில நேர்லயே போய்க் கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. போய்ச் சொல்லு, நீயும் அக்கறையிலதான் செஞ்சேன்னு."