தடம்!

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வெர்லா திபோவுடையது. வெர்மான்ட் மாநிலத்தில் எங்கள் ஊர்ப் பால்பண்ணைக்காரி. நெடுந்தூரப் பனிச்சறுக்கில் எங்கள் மலைப்பக்கத்திலிருந்து நாட்டு அணிக்குப் போன முதல் பெண். அவளைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஊர் நூலகத்தில் கேட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டிவிட்டேன்.

2

"1969 பிப்ரவரி. பனி விடாமல் பெய்து—" (வேண்டாம். எல்லோரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

"சிறுவயதிலிருந்தே அவள் கனவு—" (பொய். விடிவதற்குள் நாற்பது மாடு கறக்கிறவளுக்குக் கனவு காண ஏது நேரம்?)

நேரே சொல்கிறேன். அன்று ஆண்கள் பந்தயம் மட்டும்தான். வெர்லா அதில் பெயர் கொடுத்தாள். நடுவர் சிரித்தார்.

"ஏம்மா, பதினைஞ்சு கிலோமீட்டரு. மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?"

"உங்க ஆளுங்க விழுந்தா நான் தூக்கிட்டு வரேன். நம்பரைக் குடுங்க."

முதல் பத்துக்குள் வந்தால் அணித் தேர்வுக்கு அழைப்பு. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

3

அரை நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்புவோம். பின்னால் வேகமாக வருபவர் "தடம்!" என்று கத்தினால் முன்னால் போகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட எங்கள் ஊரில் ஒதுங்குவான்.

வெர்லா ஒருவனை எட்டிப் பிடித்தாள். "தடம்!" அவன் ஒதுங்கவில்லை. மறுபடி கத்தினாள். அசையவில்லை.

(இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவேளை குல்லாய் காதை மூடியிருந்ததோ? அப்படியும் ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன்.)

கேட்டது. நன்றாகவே கேட்டது. அவன் நான்தான். ஒரு பொம்பளை என்னைத் தாண்டிப் போவதை ஊர் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

4

முடிவு அ: நான் ஒதுங்குகிறேன். அவள் ஒன்பதாவது. ஊரே கைதட்டுகிறது.

முடிவு ஆ: நான் தடுக்கி விழுகிறேன். அவள்—

இரண்டையும் அவளிடமே வாசித்தேன். தொழுவத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்வுட், இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம். நீ ஒதுங்கல, அதை எழுது. நான் முழங்கால் பனியில இறங்கி உன்னைச் சுத்திக்கிட்டுப் போனேன். அதையும் எழுது."

"நாலு செகண்டு வித்தியாசத்துல பத்தாவது இடம் போய் பதினொண்ணாவதா வந்தே. என்னாலதானே?"

"அடுத்த வருஷமும் வந்தேன்ல? ஆறாவதா வந்தேன்ல? நீ வழி விட்டுத்தான் நான் போனேன்னு ஒருத்தரும் படிக்கக் கூடாது. கிழிச்சுப் போடு."

கிழித்தேன். நாற்பது வருடம் சுமந்த வெட்கம் மட்டும் கிழியவில்லை.

5

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இப்போது அந்தத் தடத்தில் நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் பனியில் ஸ்கீ கட்டை உரசும் சத்தம். ஒருத்தி கத்துகிறாள்.

நீங்கள் ஒதுங்கினாலும் ஒதுங்காவிட்டாலும் அவள் போய்விடுவாள். அது எழுதியாயிற்று. உங்களைப் பற்றிய வரியைத்தான் காலியாக விட்டிருக்கிறேன்.