ஏணிக்கு முன்னால் ஒரு மாத்திரை

கணவர் காலையில் மாத்திரை விழுங்குவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் கொஞ்ச நாளாக அவளுடைய முதல் வேலை. கட்டடம் கட்டும் இடங்களில் உயரக் கிரேன் ஓட்டுபவர் அவர். மாரடைப்பு வந்து பிழைத்தவர். இதயம் தளர்ந்திருக்கிறது, உடம்பில் நீர் தங்கக் கூடாது, நீர் பிரிய இந்தச் சின்ன மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவரும் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுவார். அவளும் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போவாள்.

ஆனால் நாலைந்து நாளாக அவரிடம் ஏதோ சரியில்லை. ஷூ மாட்டவே அவருக்கு மூச்சு வாங்கியது. தலையணைக்கு மேல் தலையணை வைத்தால்தான் தூக்கம் வந்தது. கேட்டால், "வயசாகுதுல்ல" என்று சிரித்தார்.

இன்று துவைப்பதற்காக அவர் நேற்றுப் போட்டிருந்த சட்டையை எடுத்தாள். பையில் கைக்குட்டை இருந்தது. உதறினால், பாதி கரைந்த மாத்திரை துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையோடு அப்படியே வாசலுக்குப் போனாள்.

அவர் வாசலில் உட்கார்ந்து ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது என்ன?"

முழுப் பூசணிக்காயை இனிச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மேல ஏறிட்டா மத்தியானம் வரைக்கும் எறங்க முடியாது. இதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. ஒருநாள் கிரேன் கூண்டுலயே பேன்ட் நனைஞ்சு போச்சு. கீழ அத்தன பேர் நிக்கிறாங்க."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? என்கிட்டயாவது?"

"எப்படிச் சொல்றது?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தனை உயரத்திலிருந்து இரும்புத் தூணை அங்குலம் பிசகாமல் இறக்குகிற மனுஷன். கட்டின பெண்டாட்டியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லையாம்.

கீழே உட்கார்ந்து, மாட்டியும் மாட்டாமலும் இருந்த ஷூவை இழுத்துக் கழற்றினாள். சாக்ஸையும் உருவினாள். கணுக்கால் பொதபொதவென்று வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போனை எடு" என்றார் அவர், மெதுவாக. "சூப்பர்வைசர்கிட்ட இன்னிக்கு வரலன்னு சொல்லு. டாக்டரப் பாத்துட்டு வருவோம்."

கல்யாணத்துக்கே அரை நாள் லீவு போதும் என்றவர் அவர். அவர் வாயால் இதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.