சிவப்புத் தகடு

கதவைத் தட்டப் போன கையை மகள் மூன்றாவது முறையாக இறக்கினாள். கைப்பிடியில் அப்பாவின் சிவப்புத் தகடு தொங்கியது: 'ஆள் வேலையில் இருக்கிறார். தொடாதீர்கள்.'

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில், குழிக்குள் இறங்குமுன் கரண்டை நிறுத்திவிட்டு அவர் சுவிட்சில் மாட்டிய தகடு அது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். வேறு கை பட்டால் உள்ளே இருப்பவர் கதி அதோகதி. அம்மா போன பிறகு, காலையில் தியானத்துக்கு உட்காரும்போது அதை அறைக் கதவில் மாட்ட ஆரம்பித்தார். ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் ஒரு மணி நேரம்.

"மனுஷன் எவ்வளவு நிம்மதியா ஆயிட்டார் பாரு" என்று அண்ணன் போனில் மெச்சிக்கொண்டான்.

போன வாரம் தகடு நெடுநேரம் தொங்கவே, பயந்துபோய்த் திறந்துவிட்டாள். அவர் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தகடு கண்ணுக்குத் தெரியலையா? படிச்சவதானே நீ?"

"சத்தமே இல்லையேன்னுதாம்ப்பா..."

"சாமிகிட்ட பேசறவன் மைக் வெச்சா பேசுவான்? இனிமே நானா கழட்டற வரைக்கும் திறக்க மாட்டேன்னு சொல்லு."

சொன்னாள்.

இன்று ஏழு மணிக்கு மாட்டியது. எட்டு மணிக்கு உள்ளே நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார் என்று டீ போட்டாள். இப்போது பத்து. டீயில் ஆடை தடித்துக் கிடந்தது.

"மாமா தூங்கியிருப்பார், விடேன்" என்றான் கணவன்.

"உக்காந்துக்கிட்டேவா?"

"லிஃப்டுக்குள்ள நின்னுக்கிட்டே தூங்கின ஆளாச்சே."

அவனும் சிரிக்கவில்லை. அவள் கைப்பிடியைத் திருகினாள். தகடு மரத்தில் டணங்கென்று இடித்தது.

அப்பா நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கப்பா, நான்..."

அவர் இமைக்கவில்லை. நாற்காலி ஜன்னலருகே இல்லை. அறையின் நடுவில், கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கட்டிலில் கிடத்தினார்கள். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "எட்டரை, ஒன்பது இருக்கும்" என்றார்.

"கூப்பிட்டிருப்பாரா டாக்டர்?"

அவர் கருவிகளைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "குரல் வந்திருக்காதும்மா" என்றார்.

கணவன் அவரை வழியனுப்பப் போனான். கீழே லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. அண்ணனாக இருக்கும். மகள் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தாள். காலையில் கேட்ட அதே உரசல். ஜன்னலடியில் தரையில் பதிந்திருந்த நான்கு தேய்மானங்களில் மூன்று கால்கள் பொருந்தின. நான்காவதை முழங்காலால் தள்ளினாள்.

அண்ணன் வந்து வெகுநேரம் அழுதான். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு நாற்காலியைப் பார்த்தான்.

"எப்பவும் போல ஜன்னலைப் பாத்துக்கிட்டேவா?"

"ஆமாண்ணா."

"குடுத்து வெச்சவர்."

ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். கதவு அசையும்போதெல்லாம் தகடு மரத்தில் இடித்தது. யாரும் அதைக் கழற்றவில்லை.