நாங்க சமாளிச்சுக்கறோம்

நகர கவுன்சிலிலிருந்து ஆள் வருகிற நாளன்று ட்ரெவர் செய்த முதல் காரியம், படுக்கையறையில் இருந்த கழிப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்முற்றத்துக் கொட்டகையில் வைத்துத் தார்ப்பாயால் மூடியதுதான். தூக்கும்போதே அடிவயிற்றில் சுருக்கென்றது. கையால் அழுத்திப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றார். குடலிறக்கம். அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் தேதியும் கொடுத்துவிட்டார்கள். செய்துகொண்டால் பல வாரம் ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாதாம். அப்புறம் மனைவி நோரீனை யார் தூக்குவது?

இவரால் முடியாது என்று தெரிந்தால் அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு பாட் சொல்லியிருந்தாள். "ஒரு தடவ உள்ள போனா அவ்வளவுதான் ட்ரெவர், திரும்பி வர்ற கதையே கெடையாது." பாதி தெரிந்துகொண்டு முழுசாகப் பேசுகிறவள் அவள். ஆனாலும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. அதனால் ட்ரெவர் ஆபரேஷன் வேண்டாம் என்றே முடிவு கட்டியிருந்தார். என்ன உதவி வேண்டும் என்று பார்க்க வருகிறவளிடம் எந்த உதவியும் வேண்டாம் என்று காட்டுவதற்கு மனுஷன் விடியற்காலையிலிருந்து படாத பாடு பட்டார். தரையைத் துடைத்தார், நோரீனைக் குளிப்பாட்டினார், முடியைச் சுருட்டி விட்டார், கடைக்கு ஓடி திராட்சை கேக் வாங்கி வந்தார்.

நோரீன் மட்டும் என்ன லேசுப்பட்டவளா? பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரையைப் போட்டால்தான் அவளுக்குக் கையும் காலும் சொன்னபடி கேட்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. காலை மாத்திரையைத் தள்ளிப்போட்டு, அந்த அம்மா வருகிற நேரத்துக்குச் சரியாக வேலை செய்கிற மாதிரி விழுங்கியிருந்தாள். உதட்டுச் சாயம் வேறு.

"எதுக்கு கண்ணு இதெல்லாம்?"

"அவ வர்றப்ப நான் நல்லா இருக்கணும்யா. நீ சரியா பாத்துக்கலன்னு ஒரு வார்த்தை வந்துடக் கூடாது."

மழையோடு மழையாக வந்து சேர்ந்தாள் டெண்டாய். ஜிம்பாப்வேயில் பிறந்தவள், இங்கிலாந்தில் இந்த அக்ரிங்டன் ஊர்க் குளிரில் ஊறி ஊறி, இப்போது தட்பவெப்பத்தைத் திட்டுவதில் உள்ளூர்க்காரர்களையே மிஞ்சுவாள். மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளிப்பது? உடுத்துவது? படி ஏறுவது? ராத்திரியில் எழுந்திருப்பது?

"நாங்க சமாளிச்சுக்கறோம்" என்றார் ட்ரெவர், எல்லாவற்றுக்கும்.

நோரீன் கோப்பையை எடுத்து ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து வைத்தாள். ட்ரெவருக்குப் பெருமை தாங்கவில்லை. டெண்டாய் கணினியை மூடினாள். அப்பாடா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று அவர் மூச்சு விட்டார்.

"இன்னொரு டீ கெடைக்குமா ட்ரெவர்?"

இல்லை என்றா சொல்ல முடியும்? கெட்டிலில் தண்ணீர் மறுபடி கொதித்தது. டெண்டாய் கேக்கைக் கடித்துக்கொண்டு, அவர் பஸ் ஓட்டிய காலத்தையும், நோரீன் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததையும் சாவகாசமாகக் கேட்டாள். நோரீன் சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு சிரிப்பு முகத்திலேயே உறைய ஆரம்பித்தது. மடியில் இருந்த கை நடுங்கத் தொடங்கியது. ட்ரெவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு நேரமாகலயாம்மா?"

"இல்லயே. மத்தியானம் பூரா உங்களுக்குன்னே வச்சிருக்கேன்."

பாழாய்ப்போனவளே, கிளம்பேன் என்று அவர் மனசுக்குள் திட்டினார். அதற்குள் நோரீன் கழிப்பறைக்குப் போக எழுந்துவிட்டாள். கதவு நிலைவரை வந்தாள். அங்கே கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. மேல் உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை. ட்ரெவர் பாய்ந்து போய்த் தன் பாதத்தை அவள் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தார். குறுக்கே ஏதாவது இருந்தால்தான் அந்தக் கால் எழும்பும். "தாண்டு கண்ணு." தாண்டப் பார்த்தவள் தடுமாறி அவர் மேலேயே சரிந்தாள். தாங்கி நிறுத்திவிட்டார். ஆனால் "அம்மா!" என்று அலறல் தன்னால் வந்துவிட்டது. நோரீன் நிலையைப் பிடித்துக்கொண்டாள். டெண்டாய்தான் அவரைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஒரு நாளைக்கு இப்படி எத்தன தடவ?"

"எண்ணினதில்ல."

"ராத்திரியும் இதேதான்" என்றாள் நோரீன், நிலையைப் பிடித்தபடியே. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவருக்கு குடல் எறங்கியிருக்கு. ஆபரேஷன் வேணாம்னுட்டாரு. என்னாலதான்."

"நோரீன்!"

"நீ வாய மூடுய்யா."

ட்ரெவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "அவள எங்கயும் கொண்டுபோயிடாதீங்கம்மா."

"யாரு சொன்னா அப்படி?" டெண்டாய் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "நீங்க ஆஸ்பத்திரில இருக்கறப்ப இந்த வீட்டுக்கு யாரு வரணும்னு பாக்கத்தான் நான் வந்தேன். மேல இருக்கறவங்க ஒத்துக்கணும், அது என் கையில மட்டும் இல்ல. ஆனா இப்ப கண்ணால பாத்தத அப்படியே எழுதுவேன். நான் போற வீட்டுல எல்லாம் மாத்திரை வேலை செய்யற நேரமாப் பாத்துத்தான் வரச் சொல்றாங்க. அதான் ரெண்டாவது டீ."

நோரீன் முகம் மரத்திருந்தாலும் கண் சிரித்தது.

"அப்புறம், உங்களுக்கும் தனியா ஒரு மதிப்பீடு உண்டு ட்ரெவர்."

"எனக்கா? எனக்கு என்ன கேடு?"

"பாத்துக்கறவங்களுக்கும் உண்டு. உங்களுக்கு என்ன வேணும்? அவங்களுக்கு இல்ல, உங்களுக்கு."

இத்தனை வருஷத்தில் டாக்டர் கேட்டதில்லை, பெற்ற மகன் கேட்டதில்லை. இந்தப் பெண்ணையா சற்றுமுன் திட்டினோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு, "தூங்கணும்" என்றார். "நல்லா இருப்ப தாயி. ஒரே ஒரு ராத்திரி, முழுசா தூங்கணும்."

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டே இருங்க, நான் இங்கயே போயிடறேன்" என்றாள் நோரீன்.

ட்ரெவர் பதறி எழுந்தார். டெண்டாய் அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். "நீங்க உக்காருங்க. எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

"அவ கையக் கெட்டியாப் பிடிச்சுக்கம்மா. காலக் குறுக்க வையி. ரொம்பத் தள்ளி வேணாம்... ஆங், அங்கதான்."

ஈரக் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டதால் டெண்டாய்க்கு வெறும் காலுறைதான். அதில் ஓர் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நோரீன் குனிந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி ட்ரெவர் பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். நோரீனின் குதிகால் மெல்ல எழும்பியது.