ஜெனி வளர்ந்துகொண்டிருக்கும்போது எழுதியது

1
இந்தக் கதை எனக்கு ஒரு புகாராக வந்து சேர்ந்தது. சேலையூரில் எங்கள் எதிர்வீட்டு ஷீலா, ஜெனியின் அம்மா, வந்து, "அக்கா, ஜெனி அடங்கவே மாட்டேங்கிறா. அந்த மாத்திரையை நிறுத்திடலாமான்னு இருக்கு" என்றாள்.

2
முதல் வரியை இப்படி எழுதினேன்: 'ஜெனி ஒரு சோகமான சிறுமி. அவள்'

அடித்துவிட்டேன். ஜெனி சோகமாக இருந்ததில்லை, தூக்கமாக இருந்தாள். படித்தது ஆறாம் வகுப்பு, பார்வைக்கு இரண்டாம் வகுப்பு. மே மாதத்தில் ஸ்வெட்டர் கேட்பாள். அசையாமல் உட்கார்ந்திருந்ததற்காகப் பள்ளியில் நல்ல பிள்ளை என்று பரிசே கொடுத்தார்கள். (ஒரு டிபன் பாக்ஸ். கதைக்குத் தேவையில்லை, விடவும் மனமில்லை.)

"எங்க குடும்ப வாகே குள்ளம்தான்" என்பார் அவள் அப்பா சாலமன். ஆனால் வருஷங்கள் போயும் பழைய யூனிஃபார்மே பொருந்தியபோது ஷீலா பயந்துபோய் டாக்டரிடம் ஓடினாள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது: தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புகள் சின்னக் குழந்தையின் எலும்புகளாக இருந்தன.

3
'தைராக்சின் என்னும் ஹார்மோன்' (வேண்டாம், அதற்குள் ஜெனி ஓடிவிடுவாள்.)

தினமும் வெறும் வயிற்றில் ஒரு குட்டி மாத்திரை, அவ்வளவுதான். வாங்கிய செருப்பு தேய்வதற்குள் சின்னதாகிப் போனது. ஆடாமல் கிடந்த பால்பற்கள் விழுந்தன. ஸ்வெட்டரைக் கழற்றி வீசிவிட்டு மதில்மேல் நடந்தாள். வகுப்பில் ஓயாமல் பேசினாள், மதிப்பெண் குறைந்தது. அதுதான் ஷீலாவின் புகார்.

டாக்டரிடம் நானும் துணைக்குப் போனேன்.

"இவ்வளவு நாள் தூங்கின பொண்ணும்மா, இப்பதான் முழிச்சிருக்கா. மாத்திரையை நிறுத்தினா வளர்ச்சியும் நின்னுடும்."

"முழு உயரம் வந்துடுமா டாக்டர்?"

"நல்லா வளருவா. ஆனா லேட்டா ஆரம்பிச்சிருக்கோம். விட்டதெல்லாம் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பும் வழியெல்லாம் ஜெனி பேசினாள், ஆட்டோக்காரரிடம், கேம்ப் ரோடு முழுக்க. மறுநாள் காலை மாத்திரையை ஷீலாவே எடுத்துக் கொடுத்தாள்.

4
இது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இரண்டு முடிவுகள் எழுதி ஜெனியிடமே படித்தேன். ஒன்றில் அவள் அம்மாவைவிட உயரமாகிறாள். மற்றதில் அம்மாவின் தோளோடு நின்றுவிடுகிறாள், ஆனாலும்

"ஆனாலும் என்ன ஆன்ட்டி?"

"தெரியலை. அங்கேயே நின்னுட்டேன்."

"நான் நிக்கலையே. வாங்க, முதுகோட முதுகா நின்னு பார்க்கலாம்."

நானும் அப்படியொன்றும் உயரமில்லை. நின்றுகொண்டிருக்கிறோம். யார் உயரம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் குதிகாலைத் தூக்கியிருந்தால், தயவுசெய்து, கண்டுகொள்ளாதீர்கள்.