பின்னலில் ஒட்டிய பவுடர்

சிப் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் ‘கண்ணாடிக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிலிக்கான் தகட்டில் ஒளியால் கோடு வரையும் ராட்சத இயந்திரத்தின் கண்ணாடிகள் அவள் பொறுப்பு. இயந்திரம் வந்த நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் இப்போது முட்டிக்கொண்டது. யார் கையில் நல்ல சிப் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம் என்று ஆனபிறகு, பெரிய மனிதர்கள் குழாயடிச் சண்டை போடாமல் வேறென்ன செய்வார்கள்?

காலையில் அந்த நாட்டு அரசாங்கத்திடமிருந்து உத்தரவு வந்தது. இயந்திரத்தோடு வந்திருந்த வெளிநாட்டு நிபுணர் நெட்டையர், மாலைக்குள் கருவியைக் கீழே வைத்துவிட்டு விமானம் ஏற வேண்டும். இயந்திரமோ வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. புதுக் கண்ணாடியை இருவர் சேர்ந்து பொருத்தி, அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு ஒளியை எழுப்பினால்தான் உண்டு. இல்லாவிட்டால் தொழிற்சாலையே படுத்துவிடும்.

விடுப்பிலிருந்த கண்ணாடிக்காரி அடித்துப்பிடித்து ஓடிவந்தாள். தூய அறைக்கு முன்னால் உடம்பின் தூசியை ஊதித் தள்ளும் கூண்டில் நின்றாள். தூசி எண்ணும் கருவி அலறியது.

“பவுடரா?” மேற்பார்வையாளர் தலையில் கை வைத்தார். “உனக்குமா இதச் சொல்லணும்?”

அவளுக்கு மானமே போயிற்று. பவுடர் பூசியவர் வாசலைத் தாண்டக்கூடாது என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பதே அவள்தான். உடம்பைத் தேய்த்துக் குளித்து, உடை மாற்றி வந்தாள். மறுபடியும் அலறல். அப்போதுதான் பின்னல் நினைவுக்கு வந்தது. வீட்டில் பாப்பா அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். பவுடர் பூசிய கையோடு காலையிலும் பிடித்திருந்தது.

இடுப்பைத் தாண்டிய முடி. அலசிக் காயவைக்க நேரமில்லை. முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது.

“வேணாம்மா...”

“பிடிங்க சார். கோணலா வெட்டிடாதீங்க.”

அவர் கழுத்தோடு வெட்டியதும், மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு மறுபடி கூண்டில் நின்றாள். கருவி வாயைத் திறக்கவில்லை.

உள்ளே இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பொருத்தினார்கள். அதை ஒரு நாட்டளவு பெரிதாக்கினாலும் அதிலுள்ள மேடு ஒரு முடியின் பருமன்தான் இருக்கும். நெட்டையர் கடவுச்சொல்லைப் போட்டார். உருகிய வெள்ளீயத் துளிகள் விழ விழ, லேசர் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் அடித்தது. அதில் பிறக்கும் ஒளி காற்றுப் பட்டாலே செத்துப்போகும். கண்ணுக்கும் தெரியாது. திரையில் பச்சைக் கோடு எழுந்து, அசையாமல் நின்றது. எத்தனையோ முறை பார்த்தவள்தான், ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனிதன்தானா இதைச் செய்தான்? இதைச் செய்யத் தெரிந்தவனுக்கா அடுத்தவனோடு ஒத்துப்போகத் தெரியவில்லை?

நெட்டையர் கருவியைக் கீழே வைக்கவில்லை. அவள் கையில் கொடுத்தார்.

“அணையாம பாத்துக்கோங்க” என்றார்.

வீட்டில் அவளைப் பார்த்துக் கணவன் வாயைப் பிளந்தான்.

“அவ்வளவு பெரிய அரசாங்கத்தால நிறுத்த முடியல. உங்க பொண்ணு ஒத்தக் கையால நிறுத்தியிருப்பா” என்று சிரித்தாள்.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் அந்தச் சின்னக் கை முதுகில் பின்னலைத் தேடியது. மேலே தடவியது, கீழே தடவியது. கிடைக்காமல் உதட்டைப் பிதுக்கியது. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.