வேடியப்பன் அடைத்த கடன்

கடன் ஆராயியின் பேரில் இருந்தது. பணம் ராஜம்மாளின் கையில் இருந்தது. அடி அண்ணாமலையில் இதற்குப் ‘பேரு குடுக்கிறது’ என்பார்கள். மகளிர் குழுவில் ஐந்து பெண்கள் இருந்தால்தான் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி கடன் தரும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் தலையில் விடியும். ஐந்தாவது ஆள் கிடைக்காதபோது, கடனே வேண்டாத ஒருத்தியைக் கெஞ்சிக் கூட்டிவந்து கையெழுத்து வாங்குவார்கள். அவள் பங்கை வேறொருத்தி எடுத்துக்கொண்டு வாரா வாரம் கட்டுவாள். ஆராயி அப்படிப் பேர் கொடுத்த புண்ணியவதி.

குழுவுக்கு ராஜம்மாள்தான் லீடர். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருந்தாள். ஆராயி பேரில் வந்த அறுபதாயிரத்தில் பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கி, கடைக்குப் புதுத் தகரமும் போட்டாள். கடன் கொடுக்கும்போதே இன்சூரன்ஸ் என்று ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டார்கள். பேரில் உள்ளவளோ அவள் புருஷனோ செத்தால் மீதிக் கடன் தள்ளுபடி. கையில் பணமாக வேறு ஒன்றும் கிடையாது.

“கல்லு மாதிரி இருக்கற மனுசனுக்கு இன்னாத்துக்கு இன்சூரன்ஸு?” என்று ராஜம்மாள் அலுத்துக்கொண்டாள். ஜாமீன் கையெழுத்துப் போட வந்திருந்த ஆராயியின் புருஷன் வேடியப்பன் அதைக் கேட்டுச் சிரித்தான்.

ஆறாம் மாதம் அவன் செங்கம் ரோட்டில் சிமெண்ட் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் கம்பெனி ஆபீசர் சுரேஷ்குமார் வந்து இறப்புச் சான்றிதழ் வாங்கிப்போனார். அடுத்த மாதம், தவணை கட்டும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், ஆராயி பேரில் இருந்த மீதி நாற்பதாயிரமும் தள்ளுபடி என்று அறிவித்தார். தங்கள் தலைமேல் இருந்த சுமை இறங்கியதில் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ராஜம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

ஆராயியின் மகள் சிந்துஜாவுக்கு நர்சிங் இரண்டாம் வருஷ ஃபீஸ் நாற்பதாயிரம், ஆவணிக்குள் கட்டியாக வேண்டும். கம்பெனிக்குக் கட்டியதை ராஜம்மாள் இனித் தன்னிடம் கட்டுவாள் என்று ஆராயி நம்பினாள். புருஷன் அவளுடையவன்தானே. இரண்டு செவ்வாய்க்கிழமை வாசலைப் பார்த்திருந்துவிட்டு, மூன்றாவது செவ்வாய் கடைக்கே போய்க் கேட்டாள்.

“கம்பெனியே வேணாம்னு தள்ளிட்டான். நீ இன்னாடி நடுவுல? ஒரு ரூபா எங்கிட்ட குடுத்தியா?”

“நான் குடுக்கலக்கா. எம் புருசன் குடுத்தாரு.”

ராஜம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. இன்சூரன்ஸுக்குப் பிடித்த ஆயிரத்து ஐந்நூறும் தன் காசுதான் என்றாள். அது உண்மை. அதுதான் ஆராயிக்குப் பொறுக்கவில்லை.

குழுவில் மற்ற மூன்று பேரிடமும் போய் அழுதாள். பேர் கொடுத்த விஷயம் வெளியே போனால் யாருக்கும் இனிக் கடன் கிடைக்காது, பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நீயும்தானே என்று பக்குவமாக வாயை அடைத்து அனுப்பினார்கள். ஒருத்தி கஷ்டத்தை ஐந்து பேர் சுமக்கத்தான் குழு என்று செவ்வாய்தோறும் நின்று உறுதிமொழி சொன்ன அதே வாய்கள்.

கடைசியில் கூட்டத்திலேயே தன் பேரில், தனக்கே கடன் கேட்டாள். ஜாமீனுக்குப் புருஷனோ வயது வந்த மகனோ வேண்டும், இல்லாவிட்டால் லீடர் பொறுப்பேற்க வேண்டும் என்று சுரேஷ்குமார் சங்கடத்தோடு சொன்னார். எல்லோரும் ராஜம்மாளைப் பார்த்தார்கள்.

“பாவம், ஒண்டியா இருக்கறவ. வாரா வாரம் எங்க சார் கட்டுவா?” என்றாள் அவள், ரொம்பக் கரிசனமாக.

சிந்துஜா படிப்பை விட்டுவிட்டு ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறை கூட்டப் போனாள்.

புரட்டாசிப் பௌர்ணமியன்று வேகவைத்த கடலைக் கூடையோடு ஆராயி கிரிவலப் பாதையில் வந்தாள். ராஜம்மாள் நாலு பேர் பார்க்கக் கூப்பிட்டு டீ கொடுத்தாள். ஆராயி குடித்துவிட்டுப் பதினைந்து ரூபாயை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

“உங்கிட்டப் போயி காசு வாங்குவேனா, ஆராயி?”

“எடுத்துக்கக்கா. உன் கடன அடைக்க எம் புருசன் இருந்தாரு. என் கடன அடைக்க யாரு இருக்கா?”

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள். ராஜம்மாள் கொஞ்ச நேரம் அந்தக் காசைத் தொடவில்லை. பிறகு எடுத்துக் கல்லாவில் போட்டாள்.